ஐந்து முறை எழுந்தவர்

பதினெட்டாயிரத்து முந்நூறு. சிமெண்ட் குடோனில் சுமைதூக்கி ரெட்டைமூட்டை வாங்கியிருந்த முன்பணம் அவ்வளவு. மகளின் பிரசவத்துக்கு வாங்கியது. பிறந்த பேரன் ஓடித் திரிய ஆரம்பித்துவிட்டான். கடன் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

ரெட்டைமூட்டை என்பது குடோனில் வைத்த பெயர். முப்பது வயதில் ஒரு பந்தயத்துக்காக, ஐம்பது கிலோ மூட்டை இரண்டை ஒன்றாகச் சுமந்து லாரிப் பலகையில் ஏறியவர். இப்போது ஐம்பத்தேழு. பெயர் அப்படியே நிற்கிறது, ஆள் அப்படி இல்லை என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும். காலையில் கட்டில் சட்டத்தைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கடைசியில் அவள் தோளைப் பிடித்துத்தான் எழுவார். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது அவள். பல் தேய்த்து முடிப்பதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்குவார். குடோன் வாசலுக்குப் போனதும் எங்கிருந்தோ ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்புக்கு உண்டான வலியை வீட்டுக்கு வந்து அனுபவிப்பார்.

அந்த வருஷம் குடோனில் புது ஏற்பாடு ஒன்று வந்தது. ஐம்பத்தைந்து தாண்டிய எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் தளர்ச்சிப் பரிசோதனை. தளர்ந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தால் முன்பணம் தள்ளுபடி, மாதாமாதம் கொஞ்சம் பணமும் உண்டு. திடமாக இருக்கிறார் என்று எழுதினால் வாரம் முந்நூறு பிடித்தம், கடன் தீரும்வரை மூட்டை. மறுபடி சோதிக்க இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

"ஏங்க, அங்க போய் வீரம் காட்டாதீங்க," என்றாள் மனைவி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். "நடிக்கச் சொல்லல. நடிக்காம இருங்கன்னுதான் சொல்றேன். வீட்ல எப்படி எழுந்திருக்கிறீங்களோ, அப்படியே எழுந்திருங்க."

"சரிடி. எனக்கென்ன பைத்தியமா?"

ஆஸ்பத்திரி நடையில் குடோனின் கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார். அவரும் ரெட்டைமூட்டையும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அப்பாவும் பிள்ளையும் என்று நினைப்பார்கள். தினமும் சாயங்காலம் பூங்காவில் நடப்பதற்கென்றே ஒரு ஜோடி ஷூ வைத்திருக்கிறவர் அவர். முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் பார்த்தாள். நாற்காலியிலிருந்து இரண்டாவது முறை எழும்போதே, "அம்மாடி, முட்டி!" என்றார். "மெதுவா சார், பிடிச்சுக்குங்க," என்றாள் நர்ஸ். அவர் சீட்டோடு வெளியே வந்தார்.

"தளர்ச்சின்னு எழுதிட்டாங்கம்மா. எனக்கு இனிமே கீழ்மாடியிலதான் வேலையாம். படி ஏறக் கூடாதாம்." சந்தோஷமும் கூச்சமுமாகச் சொன்னார். "எனக்கே இப்படின்னா, இவனுக்குக் கண்ணை மூடிக்கிட்டு எழுதிக் கொடுப்பாங்க. போ ரெட்டை."

ரெட்டைமூட்டை உள்ளே போனார். நர்ஸ் அட்டையில் செருகிய சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவுதான். அவர் முதுகு நிமிர்ந்தது.

மனைவி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிர்வு அவளுக்குத் தெரியும். குடோன் வாசலில் தினமும் காலையில் மேஸ்திரி சீட்டோடு வந்து வரிசையைப் பார்ப்பார். கூன் போட்டு நிற்கிறவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாற்பது வருஷமாக நிமிர்ந்து நின்று சோறு தேடிய உடம்பு அது.

"ஐயா, போன வாரம் சோர்வா இருந்துச்சா?"

"அதெல்லாம் நமக்குக் கிடையாதும்மா."

"அஞ்சு கிலோ தூக்க முடியுமா?"

அவர் சிரித்தே விட்டார். "உன்னையே நாற்காலியோட தூக்கிருவேன், பாப்பா."

"வாரத்துல எத்தனை நாள் உடற்பயிற்சி?"

"ஆறு நாள். ஒரு நாளைக்கு இருநூறு மூட்டை."

நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினாள்: ஆறு நாள்.

மனைவி கதவைத் தட்டித் திறந்தாள். "ஏங்க! நம்ம வீட்டுல மாதிரி!"

"அம்மா, வெளிய இருங்க. சொல்லிக் கொடுக்கக் கூடாது."

கதவு மூடிக்கொண்டது. அவர் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். ஐந்து முறை. கழுத்து நரம்பு புடைத்ததையும், கால் விரல்கள் தரையைக் கவ்வியதையும் அவள் பார்த்தாள். பிடித்து அழுத்தும் கருவியைக் கொடுத்தார்கள்; முள் கடைசிவரை போனது.

"இன்னிக்கு வந்தவங்கள்ல நீங்கதான் முதல்," என்றாள் நர்ஸ்.

பரிசு வாங்கியவர் மாதிரி வெளியே வந்தார். நடை திரும்பியதும், நர்ஸின் கண் மறைந்ததும், சுவரைப் பிடித்தார்.

"திடமா இருக்கேனாம்," என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அந்தப் பொண்ணு கையில சீட்டு வெச்சிருந்துச்சுடி. நான் என்ன பண்ணுவேன்?"

அவள் திரும்பி ஓடினாள். "அவருக்குச் சட்டை மாட்டிவிடறதே நான்தான் தாயி."

"கருவி சொல்றதைத்தாம்மா நான் எழுத முடியும்." நர்ஸுக்கும் முகம் வாடிவிட்டது. "ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க."

மேஸ்திரியிடம் போய் நின்றாள். "டாக்டரே திடம்னு சொல்றாரு, நீ எந்த ஆஸ்பத்திரியில படிச்சே?" என்று அவர் கேட்க, வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரெட்டைமூட்டையும் சிரித்தார்.

அறுபத்தொரு வாரம். இருநூறு மூட்டை நூற்றைம்பது ஆனது, நூறு ஆனது, கடைசியில் அறுபது. மூட்டைக் கணக்கில்தான் கூலி. அதிலிருந்துதான் முந்நூறும் போனது. அவள் காலையில் அவர் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டி அனுப்புவாள், சாயங்காலம் அவிழ்த்துவிடுவாள். நடுவில் அவள் செய்யக் கூடியது ஒன்றும் இல்லை.

கடைசிச் சனிக்கிழமை அவளும் கூடப் போனாள். கீழ்மாடி அறையில் மின்விசிறிக்கு அடியில் கணக்குப்பிள்ளை நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"உட்காரு ரெட்டை." சிவப்புக் கோடு போட்டார். "தீர்ந்தது. ஒரு காசு பாக்கியில்ல. கையெழுத்துப் போடு."

போட்டார். கணக்குப்பிள்ளை பேனாவை மூடி வைத்தார். ரெட்டைமூட்டை எழப் பார்த்தார். கை முழங்காலை ஊன்றியது, இடுப்பு வரவில்லை. மறுபடி முயன்றார். வரவில்லை.

"கணக்கய்யா," என்றார் மெல்ல, "அந்தப் பேனாவையும் ஒரு சீட்டையும் கொஞ்சம் கையில எடுத்து என்னைப் பாருங்க."

அவர் ஒன்றும் புரியாமல் எடுத்துக்கொண்டு பார்த்தார். ரெட்டைமூட்டையின் முதுகு நிமிர்ந்தது. கால் மட்டும் கேட்கவில்லை.

அவள் குனிந்து தன் தோளைக் கொடுத்தாள். கணக்குப்பிள்ளை பேனாவைப் போட்டுவிட்டு, மேஜையைச் சுற்றி விறுவிறுவென்று வந்து இன்னொரு கையைப் பிடித்தார். நோட்டில் சிவப்பு மை இன்னும் காயவில்லை.