பாம்புச்செவி ஒட்டிய டேப்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. பாம்புச்செவி என்று கேட்டால், தபால்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கடைவாசலில் விட்டுவிட்டுப் போவார். டியூப் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை. ரிப்பேர் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு மூக்குமேல் கோபம் வரும். கிட்டாரோடு வருகிறவருக்கு எந்த ஆம்ப் ஒத்துவரும், அந்த ஆம்புக்கு எந்த ஸ்பீக்கர் தோதுப்படும் என்று ஜோடி சேர்த்துக் கொடுப்பதே தன் தொழில் என்பார். "மூணுல ஒண்ணு முறைச்சுக்கிட்டாலும் குடித்தனம் நடக்காது" என்பது அவருடைய சித்தாந்தம்.

ஜோடி சேர்ப்பதில் கடைசிக் கட்டம்தான் வேடிக்கை. வந்தவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆம்பின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்புவார். மேல்சத்தத்தை ஏற்றி இறக்கும் ட்ரெபிள் குமிழுக்கு வந்ததும் மூச்சுகூட விடமாட்டார். திடீரென்று "இங்க!" என்பார். உடனே மஞ்சள் டேப்பைக் கிழித்து எல்லாக் குமிழ்கள்மேலும் குறுக்காக ஒட்டிவிடுவார். "இனிமே இதைத் தொட்டா டோன் செத்துடும்" என்று மிரட்டியும் அனுப்புவார். அவர் காதை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல்?

அவருடைய மனைவி நாலு பேர் கொண்ட ஒரு குழுவில் கிட்டார் வாசிப்பவள். கல்யாணமான புதிதில் ஒரு குமிழுக்காகச் சண்டை போட்டு மூன்று நாள் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். நான்காம் நாள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆம்ப் அவருடைய எல்லை, அவள் விரல் அதில் படக்கூடாது. கிட்டார் அவளுடைய எல்லை, அவர் கை அதில் படக்கூடாது. பதினெட்டு வருஷமாக இருவரும் எல்லை தாண்டவில்லை. அவள் மேடையில் வாசித்தால் கூட்டம் சொக்கிப்போகும். "டோன்னா இதுய்யா" என்று யாராவது சொல்லும்போது, பின்வரிசையில் நிற்கும் பாம்புச்செவியின் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல் இருக்கும்.

கொஞ்ச காலமாக மட்டும் அவருக்கு ஒரு மனக்குறை. "இப்ப வர்ற ஸ்பீக்கருக்கெல்லாம் மூக்கடைப்பு. ஒண்ணுலயாச்சும் உயிர் இருக்கா?" என்று புலம்பிக்கொண்டிருந்தார். மனைவியின் ஆம்புக்கே இந்த ஒரு வருஷத்தில் நாலு ஸ்பீக்கர் மாற்றியாகிவிட்டது. ஸ்பீக்கர் மட்டுமா? கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கே இருக்கும் துணி துவைக்கும் மெஷின் வேலை முடிந்தால் பீப் பீப் என்று கூப்பிட வேண்டும். அது ஊமையாகிவிட்டது என்று மூன்று முறை பிரித்து, மூன்று புது பஸ்ஸர் போட்டார். மூன்றும் ஊமை. "நாட்டுல ஒரு சாமானும் உருப்படியா வர்றதில்ல" என்று திட்டினார். "விடுங்க, துணிக்கு எதுக்கு சத்தம்?" என்று மனைவி மூடியை வாங்கிப் பூட்டிவிட்டாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. பதினோரு மணிக்கு ஸ்டுடியோ முதலாளியம்மாள் வருவதாக இருந்தது. நகரத்தின் பெரிய வாசிப்பாளர்கள் எல்லாரும் போய்வரும் ஸ்டுடியோ அது. போன மாதம் ஒரு மண்டபத்தில் மனைவியின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "அதே சத்தம் எனக்கு வேணும், மூணு செட். என் ஆளு அவர் கிட்டாரோட வருவார், அவருக்குப் பொருத்திக் காட்டுங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார். இருபது வருஷமாகப் பாம்புச்செவி காத்திருந்தது இதற்குத்தான். தன் காதுக்கு ஒரு பெரிய இடத்தில் மரியாதை. இரவெல்லாம் தூக்கமில்லை அவருக்கு.

ஒன்பதரை மணிக்கு எல்லா ஏற்பாடும் முடிந்தது. சின்ன ஆம்ப், நன்றாகப் பழகிய இரண்டு டியூப், மின்தடையில் எட்டு ஓமுக்கு எட்டு ஓம் சரியாகப் பொருந்திய பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். குமிழ்களையும் மனைவியின் ஆம்பில் வைத்த அளவிலேயே வைத்துவிட்டார். கை சும்மா இருக்கவில்லை. கண் மூலையில் சாத்தியிருந்த மனைவியின் கிட்டார்மேல் போனது. அதன் டோன் குமிழ் பத்து நாளாகக் கரகரவென்று இருந்தது. "வெளில குடுத்துச் சரிபண்ணிக்கறேன்" என்று அவள் சொன்னதிலிருந்து அவருக்கு நெஞ்சில் ஒரு முள். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் வீட்டு நோயாளி வேறு டாக்டரிடம் போவதா? மெஷினில் துணியை ஊறவைத்து ஓடவிட்டுவிட்டு மனைவி பல் டாக்டரிடம் போயிருந்தாள். அவள் வருவதற்குள் சரிசெய்து அசத்திவிடலாம் என்று, பதினெட்டு வருஷ ஒப்பந்தத்தை மீறிக் கிட்டாரை எடுத்து மேஜையில் வைத்தார்.

குமிழுக்கு அடியில் இருந்த சின்னத் தகர டப்பியைக் கழற்றி நெம்பித் திறந்தார். உள்ளே வட்டமான கரித்தடம். அதன்மேல்தான் முள் நகரும். எல்லாக் கிட்டாரிலும் இந்தத் தடம் சீராகத் தேயும். இதில் கீழ்க்கோடியில்தான் அதிகம் தேய்ந்து வெளுத்திருந்தது. மேல்பாதியில் லேசான கீறல்கள்தான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழ்க்கோடி என்றால் மேல்சத்தத்தை அறவே அடைத்து வைப்பது. குழாயை மூடிவைத்துவிட்டா ஒருத்தி தண்ணீர் பிடிப்பாள்?

புதிய டப்பி ஒன்றைப் பொருத்திக் குமிழை மாட்டும்போதுதான் புள்ளிகளைப் பார்த்தார். குமிழைச் சுற்றி, வெள்ளைத் தகட்டின்மேல், கடுகளவில் ஏழு சிவப்புப் புள்ளிகள். அவள் நகத்தில் பூசும் அதே சிவப்பு. முதல் புள்ளி எட்டில் இருந்தது. அடுத்தது ஏழில். பிறகு ஆறு, ஐந்து என்று இறங்கி, கடைசிப் புள்ளி இரண்டில் நின்றது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஊசியால் கீறிய ஒரு வருஷம். ஏதோ பாட்டுக்கு அடையாளம் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பாட்டுக்கு வருஷம் எதற்கு என்ற கேள்வி பின்னாலேயே வந்தது. அதை அவர் உள்ளே விடவில்லை.

கிட்டார் வயரை ஆம்பில் செருகி, டோன் குமிழைப் பத்தில் வைத்து, நாலு நரம்பைச் சேர்த்து ஓங்கி ஒரு வாசிப்பு வாசித்தார். அடடா! தெளிவு என்றால் தெளிவு. இத்தனை நாள் இவள் ஏன் இந்தச் சத்தத்தைப் பூட்டி வைத்தாள்?

அந்த நேரம் பார்த்து மைத்துனன் வேனிலிருந்து ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். மனைவியின் தம்பி, அதே குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன், வயது முப்பத்தைந்து. பெட்டியைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினான். காலில் பெட்டி விழுந்தால் காலைப் பிடிக்காமல் காதைப் பிடிக்கிறவனை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

"கொறைங்க மாமா! ஐயோ, கொறைங்க!"

"எதைடா கொறைக்கணும்?"

"கேக்கலையா உங்களுக்கு? காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு!"

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. பாம்புச்செவி மைத்துனனையே பார்த்தார். பிறகு ஒரு கையால் வாசித்துக்கொண்டே டோன் குமிழை மெதுவாகக் கீழே திருப்பினார். எட்டு. அவன் முகம் சுளித்தபடியே இருந்தது. ஐந்து. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மூன்று. தோள் இறங்கியது. இரண்டுக்கு வந்ததும் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "இதான், இது அழகா இருக்கு" என்றான்.

அவருக்கு அது கம்பளிக்குள்ளிருந்து வருகிற சத்தமாகக் கேட்டது. குனிந்து பார்த்தார். குமிழின் கோடு கடைசிச் சிவப்புப் புள்ளியில் அச்சாக நின்றிருந்தது.

தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். ஏழு புள்ளிகள், ஏழு வருஷங்கள். வருஷத்துக்கு ஒரு படி அவர் ட்ரெபிளை ஏற்றியிருக்கிறார், வருஷத்துக்கு ஒரு படி அவள் இறக்கியிருக்கிறாள். கூட்டம் சொக்கிப்போனது அவள் இறக்கியதைக் கேட்டு.

"மாப்ள, மறைக்காம சொல்லு. எனக்குக் காது போச்சா?"

மைத்துனன் கால் கட்டைவிரலைத் தேய்ப்பதில் மும்முரமானான். "முழுசா இல்ல மாமா. மேல்சத்தம் மட்டுந்தான். அக்கா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ஆரம்பத்துல நாங்க மூணு பேரும் பஞ்சு வெச்சுக்கிட்டோம். அப்புறம் அக்கா கிட்டார்லயே சரிபண்ணக் கத்துக்கிட்டாங்க."

"அப்ப, மத்தவங்க? நான் டேப் ஒட்டிக் குடுத்தவங்க?"

அவன் கீழே கிடந்த பெட்டியை ஓரமாக நகர்த்தத் தொடங்கினான்.

"சொல்லித் தொலைடா!"

"வண்டில ஏத்துறதுக்கு முன்னாடியே உரிச்சிடுவாங்க மாமா."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

எத்தனை உருளை டேப்! எத்தனை "இங்க!" எத்தனை பேர் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, தெருமுனை திரும்பியதும் நகத்தால் சுரண்டியிருப்பார்கள்! நினைக்க நினைக்க உடம்பு கூசியது. "அப்புறம் எதுக்குடா என்கிட்ட வர்றாங்க?" என்று கேட்டார்.

"நீங்க ஜோடி போட்ட டியூப் மூணு வருஷம் அசராது. ஓம் கணக்கு ஒரு நாளும் தப்பாது. அதுக்குத்தான் மாமா. குமிழை யாரு வேணாத் திருப்பிக்கலாமே."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அது எங்கே போய்க் குத்தும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பத்தரைக்கு மனைவி வந்தாள். பல்லுக்குப் போட்ட ஊசியில் ஒரு பக்கக் கன்னம் மரத்திருந்தது. மேஜையில் கிடந்த பழைய டப்பியையும் புருஷன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். கைப்பை நழுவித் தரையில் விழுந்தது.

"ஏழு வருஷம். ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?" என்றார்.

"முதல் வருஷம் உங்களுக்கு ஜலதோஷம்னு நெனச்சேன்," என்றாள் பாதி வாயால். "ரெண்டாம் வருஷம் பயமா இருந்துச்சு. அதுக்கப்புறம் பழகிடுச்சுங்க. கண்ணை மூடிக்கிட்டு நீங்க 'இங்க'ன்னு சொல்றப்ப அந்த மொகத்தைப் பாத்துட்டு எனக்கு எப்படி வாய் வரும்?"

"ஊரே சிரிச்சிருக்கு என்னைப் பாத்து."

"ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சா நான் விட்டிருப்பேனா?"

அவளுக்குக் கண்ணீர் வந்தது. மரத்த கன்னத்தில் அது வழிந்தது அவளுக்கே தெரியவில்லை. அவர்தான் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். கோபம் போனபாடில்லை. இருந்தாலும் கொடுத்தார்.

வாசலில் கார் வந்து நின்றது. "உடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பிடட்டுமா? இல்ல, தம்பி குமிழைத் திருப்பட்டும். அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்று மனைவி அவசரமாகக் கேட்டாள். "இன்னொரு ஏழு வருஷமா?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்தார்.

முதலாளியம்மாளும் ஒரு தாடிக்காரரும் வந்து உட்கார்ந்தார்கள். தாடிக்காரர் தன் கிட்டாரைச் செருகினார். பாம்புச்செவி ஆம்பின் பக்கத்தில் நின்றார். "அம்மா, ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு மேல்சத்தம் கேக்காது. இன்னிக்குக் காலைலதான் எனக்கே தெரியும்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தாடிக்காரர் வாய் திறந்தபடியே இருந்தது. பாம்புச்செவிக்குக் காது கேட்காதாம்! இதைவிட அவர்களுடைய ஸ்டுடியோ தீப்பிடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

"அப்ப நான் மண்டபத்துல கேட்டது?" என்றார் அம்மாள்.

"கீழ்சத்தம் என்னோடது. மேல்சத்தம் இவளோடது. நீங்க எழுந்து போறதானா போலாம். இருந்தா, வெச்சுக் காட்டறேன்."

அவர்கள் எழவில்லை. இருந்து பார்க்கிற ஆவலா, அதிர்ச்சியில் கால் வரவில்லையா, தெரியாது.

"நீ அங்க உக்காரு, எனக்கு நேரா" என்றார் மனைவியிடம். தாடிக்காரர் வாசிக்கத் தொடங்கினார். பேஸ், மிடில் குமிழ்கள் இரண்டையும் அவரே வைத்தார், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு ட்ரெபிள் குமிழில் கை வைத்து, பழக்கத்தில் கண்ணை மூடினார். சட்டென்று திறந்துகொண்டார். மனைவியின் முகத்தையே பார்த்தபடி திருப்பினார். மரத்த பாதி அசையவில்லை. மற்றப் பாதிதான் பதில் சொன்னது. அந்தப் பக்கப் புருவம் நெரிந்திருந்தது. குறைத்தார், குறைத்தார், இன்னும் குறைத்தார். வருஷம் வருஷமாகப் பின்னால் நடந்துபோவதுபோல் இருந்தது அவருக்கு. ஓரிடத்தில் அந்தப் பாதிப் புருவம் இளகியது. அவர் கையை எடுத்தார். அவர் காதுக்கு அது வெறும் மந்தமான முனகல்.

வாசிப்பு நின்றதும் முதலாளியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதேதான். ரெண்டு பேரும் சேர்ந்து வந்து வெச்சுக் குடுங்க" என்றார்.

மைத்துனன் தயங்கியபடி டேப் உருளையை நீட்டினான். வேண்டாம் என்று அவர் கையசைத்தார். மானம் போய்விடவில்லை என்று ஒரு கணம் மனசு லேசாகியது. இவ்வளவுதான், இனி அதிர்வதற்கு ஒன்றும் பாக்கி இல்லை என்றுகூட நினைத்தார்.

அப்போது நாலு பேரும் ஒரே நேரத்தில் உள்கதவுப் பக்கம் தலையைத் திருப்பினார்கள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவரும் ஒரு கணம் பிந்தித் திரும்பினார். கதவில் யாரும் இல்லை.

"துணி ஆயிடுச்சு," என்று சொல்லிவிட்டு மனைவி எழுந்து உள்ளே போனாள்.

விருந்தாளிகளை விட்டுவிட்டு அவர் அவள் பின்னாலேயே போனார். மூன்று முறை பிரித்துப் போட்ட அந்த மெஷினின் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னும் அடிக்குதா?"

"அடிக்குதுங்க."

அவள் "நின்னுடுச்சு" என்று சொல்லும்வரை அவர் கையை எடுக்காமல் அங்கேயே நின்றார்.