முகம் தெரிந்தால் போதும்

ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் கோட்டையைப் படம் எடுப்பான், கோபுரத்தைப் படம் எடுப்பான். போயும் போயும் சர்க்கார் குவார்ட்டர்ஸ் சுவரில் எழுதியிருக்கிற வீட்டு நம்பரை எவனாவது எடுப்பானா? அந்த ஆள் எடுத்தான். மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ராஜாத்தி அதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். ஆள் நிமிர்ந்து, கொடியில் கிடந்த அவளுடைய சேலையையும் அதன் பக்கத்தில் கிடந்த ஜோதிலிங்கத்தின் வேட்டியையும் பார்த்தான். அதற்கும் ஒரு க்ளிக்.

ராஜாத்தி உள்ளே ஓடித் தன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினாள்.

காரணம் இருக்கிறது. டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் அந்த இரண்டு அறை வீடு ஜோதிலிங்கம் என்கிற மத்திய சர்க்கார் குமாஸ்தாவின் பெயரில் இருந்தது. அவருடைய மனைவி இந்திராணியும் பிள்ளைகளும் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரில் இருந்தார்கள். பின்னறையை அவர் ராஜாத்திக்கும் அவள் புருஷன் பச்சைமுத்துவுக்கும் ரகசியமாக வாடகைக்கு விட்டிருந்தார். சர்க்கார் வீட்டை அப்படி விடக் கூடாது. தெரிந்தால் அவருக்கு வீடு போகும், இவர்களுக்கு அறை போகும். அதனால் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்: "எவன் கேட்டாலும் என் மச்சினின்னு சொல்லிரும்மா. டெல்லி பாக்க வந்திருக்கேன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

போன வாரம்தான் அடுத்த பிளாக்கில் சர்க்கார் ஆட்கள் வந்து செக்கிங் நடத்தினார்கள். சமையலறையில் இரண்டு ஸ்டவ் இருப்பதைப் பார்த்தார்கள். இரண்டு அடுப்பென்றால் இரண்டு குடும்பம், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. உள்வாடகைக்கு இருந்தவர்களின் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் ஜனவரிப் பனியில் ரோட்டில் கிடந்தது. ராஜாத்திக்கு ரோடு புதிதல்ல. ஏஷியாட் பந்தயம் வருகிறதென்று ரோட்டை அகலப்படுத்தியபோது அவளுடைய குடிசையும் போயிற்று. மழைக்காலம் முழுக்கப் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் கிடந்தாள். வயிற்றில் இருந்த பிள்ளை அங்கேதான் கலைந்தது. இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். இந்த அறையும் போனால் இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று அவள் பயந்து செத்துக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. அந்தக் காமிரா ஆள்தான்.

"ஜோதிலிங்கம் இருக்காகளா?"

"ஆபீஸ் வேலையா போபால் போயிருக்காருங்க. திங்கக்கெழமதான் வருவாரு."

"அப்படியா? நான் நல்லசிவம். அவுகளுக்கு ஊர்க்காரன். டெல்லி பாக்கலாம்னு வந்தேன். சாணக்யபுரில, தமிழ்நாட்டு கெஸ்ட் ஹவுஸ்ல தங்கியிருக்கேன். நீங்க யாரும்மா?"

கெஸ்ட் ஹவுஸா! அங்கே பெரிய பெரிய ஆபீசர்கள் அல்லவா தங்குவார்கள்? ஊர்க்காரனாம், ஊர்க்காரன். யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான்? ராஜாத்தி பாடத்தை ஒப்பித்தாள்.

"நான் அவரு மச்சினிங்க. இந்திராணி அக்காளோட தங்கச்சி. ஊர்லேருந்து டெல்லி பாக்க வந்திருக்கேன்."

நல்லசிவம் காமிராவின் தோல் உறையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"தங்கச்சியா? சரிதான். பேச்சு அந்தப் பக்கத்துப் பேச்சு மாதிரி இல்லையே?"

"என்னையக் கட்டிக் குடுத்தது ஆத்தூருங்க, சேலம் பக்கம்."

இந்தப் பொய்யை யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே வந்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மனுஷன் விடுவதாக இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார், தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அவுகளுக்கும் நீங்கதான் பொங்கிப் போடுதீகளோ?"

அடுப்புக்கு வந்துவிட்டான் பார்! ராஜாத்தி அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள்: "ஆமாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்புதாங்க. ஒரே சமையல்தாங்க. நீங்களே பாத்துக்கங்க, ரெண்டாவது அடுப்பே கெடையாது."

நல்லசிவத்தின் முகம் கறுத்தது. தம்ளரை வைத்துவிட்டு, "நாளைக்கு ஞாயித்துக்கெழம. நான் குதுப்மினார் போறேன். நீங்களும் டெல்லி பாக்க வந்தவுகதானே? வாங்களேன், சேந்து பாப்போம்," என்றார்.

முன்பின் தெரியாத ஆம்பிளை கூப்பிட்டால் போய்விட முடியுமா? ராஜாத்தி ஓட்டமும் நடையுமாகக் குஞ்சம்மாளிடம் போனாள். குஞ்சம்மாளும் ராஜாத்தி பிறந்த அதே ஆத்தூர்க்காரி, அந்தக் காலனியில் வீட்டு வேலை செய்கிறவள். பச்சைமுத்து மெட்ராஸ் ரயில் வண்டியில் சமையல்காரன். அவன் வண்டியோடு போகிற நாட்களில் ராஜாத்திக்குத் துணையாக வந்து படுத்துக்கொள்கிறவளும் அவள்தான்.

"அச்சா, டெல்லி பாக்க வந்தவன்னு சொல்லிப்புட்டு, கூப்புட்டா வரமாட்டேன்னா எவன் நம்புவான்?" என்றாள் குஞ்சம்மாள். "போயித்தான் ஆவணும். நானும் வரேன். பக்கத்து வூட்டு அக்கான்னு சொல்லு. ஒண்ணு மட்டும் சொல்றேன், அங்க வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க ராஜாத்தியால் முடிந்ததா? பஸ்ஸில் ஏறியதுமே, பழக்கதோஷம், கண்டக்டரைப் பார்த்து, "பையா, தீன் குதுப்! ஜல்தி கரோ!" என்று ஹிந்தியில் மூன்று டிக்கெட் கேட்டுக் கத்திவிட்டாள். குஞ்சம்மாள் அவள் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"டெல்லிக்கு வந்து எத்தனை நாளாச்சு?" என்று நல்லசிவம் மெதுவாகக் கேட்டார்.

"பத்து நாளுங்க."

"பத்து நாள்ல ஹிந்தி இப்படி வருதுன்னா, ஊர்ல வாத்தியார்மாருக்கு எதுக்குச் சம்பளம்?"

ராஜாத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழியெல்லாம் பாலம் கட்டுகிற வேலை. சிமெண்ட் சட்டி சுமக்கிற பெண்களில் எவளாவது தெரிந்தவளாக இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடப் போகிறாளே என்று வேறு பயம்.

குதுப்மினார் அடியில் போய் நின்றபோது ராஜாத்தி நிஜமாகவே வாயைப் பிளந்தாள். டெல்லிக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் இதைப் பார்த்ததே இல்லை. பார்க்க நேரம் எங்கே இருந்தது? அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவள் நடிக்கவில்லை. அதற்குள் நல்லசிவம் காமிராவைத் தூக்கிவிட்டார்.

"அப்படியே நில்லும்மா. இந்தப் பக்கம் பாரு."

"தள்ளி நின்னு எடுங்க சார்," என்றாள் குஞ்சம்மாள். "கிட்டக்க நின்னா கோபுரம் முழுசா வுழாது."

"கோபுரம் எதுக்கு? முகம் தெரிஞ்சாப் போதும்."

ராஜாத்தி முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள். "முக்காட்ட எடும்மா," என்றார் அவர். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரும்புத் தூணுக்கு முன்னால் நிற்கச் சொல்லி இன்னொன்று. ஃபிலிம் ரோல் என்ன ஓசியிலா கிடைக்கிறது? வந்தவர்களெல்லாம் பெண்டாட்டி பிள்ளையோடு கோபுரத்தைச் சேர்த்து ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்த மனுஷன் இவளுடைய முகத்தையே சுட்டுத் தள்ளுகிறான். ஆபீஸ் ஃபைலில் ஒட்டத்தான் என்று ராஜாத்தி முடிவே கட்டிவிட்டாள்.

புல்தரையில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் எவனோ பகோடா பொரித்துக்கொண்டிருந்தான். அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், ராஜாத்தி எழுந்து இடிந்த சுவர் ஓரமாக ஓடிக் குமட்டினாள். குஞ்சம்மாள் ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் திரும்பி வந்தபோது நல்லசிவம் வெளிறிப் போயிருந்தார்.

"மசக்கையா?"

"ஆமாங்க," என்றாள் குஞ்சம்மாள்.

அவர் சற்று நேரம் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்: "உங்க அக்கா இந்திராணிக்குப் பல்லு கட்டினாகளே, இப்ப நல்லா சாப்பிட முடியுதா?"

"நல்லா சாப்புடுதுங்க அக்கா. முறுக்குகூடக் கடிக்குதுங்க."

"இந்திராணிக்கு யாரும் பல்லு கட்டல." அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "அவளுக்குத் தங்கச்சியும் கெடையாது. எங்க அம்மா பெத்தது எங்க ரெண்டு பேரைத்தான். நான் அவ கூடப் பொறந்த அண்ணன்."

ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"டெல்லில வீடே கெடைக்கல, மெஸ்ஸுல ஒரு கட்டில்தான்னு சொல்லிச் சொல்லியே எங்க மாப்பிள்ள அவள அங்கயே போட்டு வச்சிருக்காரு. ஊர்க்காரன் ஒருத்தன் இங்க வந்துட்டுப் போயி, அவுக வீட்டுக் கொடியில சேலை காயுதுன்னு சொன்னான். அவதான் அழுது என்னைய அனுப்பினா. இந்தப் படமெல்லாம் அவளுக்குத்தான். தன் புருஷன் யாரை வச்சிருக்காருன்னு அவ கண்ணால பாக்கட்டும். இப்பப் பிள்ளை வேற! நீயும் ஒரு பொம்பளைதானே தாயி, உனக்கு மனசாட்சி இல்லையா?"

சீ, என்ன வார்த்தை சொல்லிவிட்டான்! ராஜாத்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எவனோ ஒரு குமாஸ்தாவின் வைப்பாட்டியா அவள்? பச்சைமுத்துவின் பிள்ளைக்கா இந்தப் பேச்சு? உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். குஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு காதாகச் சொன்னாள்.

"சொல்லாதடி! அண்ணனாவது கிண்ணனாவது. ஆபீசர்தான் அவன். ரோசத்தக் கெளப்பிவுட்டு உன் வாயாலயே சொல்ல வெக்கிறான். சொன்னே, பொழுது சாயறதுக்குள்ள ரோட்டுல நிப்ப."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பல்லு விஷயத்தில் வலை விரித்தவன் இதிலும் விரிக்க மாட்டானா? அண்ணன் என்பதற்கு என்ன அத்தாட்சி? சொன்னால் அறை போகும். சொல்லாவிட்டால் அறை நிற்கும், மானம் போகும். இவள் முகம் ஊர் ஊராகப் போய் எவளோ ஒருத்தி அதைப் பார்த்துப் பார்த்து அழுவாள், சாபம் விடுவாள். அந்தச் சாபம் இந்த வயிற்றில் அல்லவா விழும்? ராஜாத்தி நல்லசிவத்தைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆபீசர்களுக்கு அழக்கூடத் தெரியுமோ என்னவோ, அவளுக்கு இன்னும் நிச்சயமாகவில்லை. ஆனால் பொறுக்க முடியவில்லை.

"எந்திரிங்க. வூட்டுக்கு வாங்க. காட்டுறேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் ராஜாத்தி பின்னறையைத் திறந்துவிட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்டவ்வை இழுத்து அவர் காலடியில் வைத்தாள். ஆணியில் தொங்கிய பச்சைமுத்துவின் காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டாள். அரிசி டப்பா, கரண்டி, கல்யாணத்தன்று எடுத்த போட்டோ, கதவுக்கு உட்புறம் அவன் அடித்துக் கொடுத்த தாழ்ப்பாள் வரைக்கும் காட்டினாள்.

"இவருதாங்க என் வூட்டுக்காரரு. மெட்ராஸ் வண்டில சமைக்கிறாரு. நாங்க இங்க வாடகைக்கு இருக்கறமுங்க. ஜோதிலிங்கத்த நான் அண்ணான்னுதான் கூப்புடுவேன். அவரு சமையலு தனி, எங்க சமையலு தனி. போதுமா? ஆபீசரா இருந்தா இப்பவே எழுதிக்கிட்டுப் போங்க. ஆனா அந்தக் கெட்ட வார்த்தைய மட்டும் எடுத்துக்கிட்டுப் போவாதீங்க."

நல்லசிவம் காமிராவைக் கையில் எடுத்தார். ராஜாத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குஞ்சம்மாள், "ஐயோ மாரியாத்தா!" என்றாள்.

க்ளிக் கேட்கவில்லை. ராஜாத்தி கண்ணைத் திறந்தபோது அவர் காமிராவை உறைக்குள் போட்டு மூடிவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கல்யாண போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிரு தாயி," என்றார். "ஒரு பத்தினிப் பொண்ணப் பாத்து என்னவெல்லாமோ சொல்லிட்டேன். இந்திராணிக்கு நான் அண்ணன்தான். சத்தியமா அண்ணன்தான்."

ராஜாத்தி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். என்ன நிம்மதி! மானமும் போகவில்லை, அறையும் போகவில்லை. குஞ்சம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே டீ போட எழுந்தாள். நல்லசிவத்துக்கும் உயிர் வந்துவிட்டது. எழுந்து இரண்டு அறையையும் நடந்து பார்த்தார், பால்கனிக்குப் போய்ப் பார்த்தார்.

"அடேயப்பா, எவ்வளவு வசதியான வீடு! இத வச்சுக்கிட்டு மெஸ்ஸுல கட்டில்னு சொல்லியிருக்காரு பாரேன் எங்க மாப்பிள்ள. வாடகை ஆசை! வரட்டும், வச்சுக்கிடுதேன். இந்த மாசமே இந்திராணியையும் பிள்ளைகளையும் இங்க கொண்டாந்து விட்டுருதேன். இந்தப் பின்னறை பிள்ளைகளுக்கு ஆச்சு. உன் புண்ணியம் தாயி, நீ உண்மையச் சொன்னதாலதான் என் தங்கச்சி குடும்பம் ஒண்ணு சேரப் போவுது."

ஸ்டவ்வைப் பற்றவைக்கக் குனிந்த குஞ்சம்மாளின் கை அப்படியே நின்றது. ராஜாத்தி கன்னத்துக் கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

"அந்தப் படமெல்லாம் வீணாப் போக வேண்டாம்," என்றார் நல்லசிவம், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டே. "ஊருக்குப் போனதும் கழுவி உனக்கே அனுப்புதேன். உன் வீட்டுக்காரரு பாத்தா சந்தோஷப்படுவாரு. எந்த அட்ரஸுக்கு அனுப்பட்டும், சொல்லும்மா."

ராஜாத்தி குஞ்சம்மாளைப் பார்த்தாள். குஞ்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியலீங்க," என்றாள் ராஜாத்தி.