பழைய ஜெனரேட்டரின் சுருதி

எங்கள் குழுவில் மூன்று பேர் என்றுதான் ஊர் நினைத்தது. விஸ்ஸாம் கிதார், நஜ்லா குரல், நான் டிரம். நான்காவது ஆள் ஜன்னலுக்குக் கீழே, சந்தில் நின்றது. அபூ ரஷாதின் பழைய ஜெனரேட்டர். கரண்ட் போனால் பெய்ரூட்டின் பஸ்தா பகுதியில் எங்கள் தெரு முழுவதற்கும் அதுதான் கதி.

அதன் உறுமல் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ நிற்கும். நாங்கள் அதற்கே சுருதி சேர்த்தோம். தெருவில் யாராவது வாஷிங் மெஷினைப் போட்டால் அது முக்கும், சுருதி இறங்கும், நாங்களும் கூடவே இறங்குவோம். நஜ்லா கண்ணை மூடிக்கொண்டு அந்த முக்கலோடு மூச்சு விடுவாள். இதைப் போல ஒரு ஆல்பம் இந்த ஊரில் வந்ததில்லை என்று எனக்கு அன்றே தெரியும். அடக்கமெல்லாம் எனக்கு வராது.

ஏழு பாட்டு முடிந்திருந்தது. மிச்சம் கடைசிப் பாட்டு. நஜ்லாவுக்கு மறுநாள் மாண்ட்ரீலுக்கு விமானம். திரும்பி வருவாயா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

அன்று காலை மைக்கை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தால் கீழே வேறொரு சத்தம். மெல்லிசான, நல்ல பிள்ளை போன்ற சத்தம். புது ஜெனரேட்டர்! பழையது வயர் கழற்றப்பட்டு, காயலான் கடை லாரிக்காக நடைபாதையில் நின்றது. அபூ ரஷாத் தெருவுக்கே பக்லாவா இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்.

கீழே ஓடினேன்.

"அபூ ரஷாத், பழசை ஒரே ஒரு தடவை ஓட்டுங்க."

"டேய் ஹாதி, பத்து வருஷமா அந்தச் சத்தத்துக்கு என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினீங்க. இன்னைக்குப் புதுசு போட்டா பழசு வேணுமா? பக்லாவா தின்னுட்டு வாயை மூடிக்கிட்டுப் போ."

"கடைசிப் பாட்டு பாக்கி நிக்குதுங்க."

"அதான் சத்தத்தைப் பதிஞ்சு வச்சிருக்கீங்களே, அதைப் போட்டுக்கோ."

விஸ்ஸாமும் அதையேதான் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. பதிந்து வைத்த உறுமல் நான்காம் மாடி உம் வலீத் இஸ்திரிப் பெட்டியைப் போடும்போது முக்குமா? தெரு சேராமல் எங்கள் பாட்டு ஏது?

பின்னால் வந்த நஜ்லா ஒன்றும் வாதாடவில்லை. "மாமா, நாளைக்கு நான் போறேன்" என்றாள்.

அபூ ரஷாத் அவளைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரே பாட்டு. எவனாவது திட்டினா உங்க வீட்டைக் காட்டிடுவேன்."

தெருவின் வயரையெல்லாம் பழையதில் மாட்டினார். லேப்டாப்பில் பேட்டரி நிறைந்திருந்தது. பெய்ரூட்டில் வேறு எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டோம். விஸ்ஸாம் தந்தியைத் தொட்டான். கீழே எங்கள் கிழம் இருமி, உறுமி, தன் இடத்தில் வந்து நின்றது. நஜ்லா தொடங்கினாள்.

நாங்கள் ஒன்றை யோசிக்கவே இல்லை. புது ஜெனரேட்டர் வந்த தைரியத்தில் அன்று தெரு முழுக்க ஏசி, வாட்டர் ஹீட்டர், மெஷின் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். அத்தனை பாரமும் கிழத்தின் தலையில். அது முக்கியது, இறங்கியது, இதுவரை போகாத ஆழத்துக்குப் போனது. நஜ்லாவும் விடாமல் பின்னாலேயே போனாள். அவளிடம் அப்படி ஒரு அடிக்குரல் இருப்பது எனக்கே தெரியாது.

பிறகு கீழே ஒரு டமால். ஆம்ப்ளிஃபயர் செத்தது, கிதார் செத்தது. என் கை தானாக நின்றுவிட்டது. லேப்டாப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நஜ்லா நிறுத்தவில்லை. கண்ணை மூடியபடி, அந்தச் சுருதியிலேயே, ஒரு இழை கூட நகராமல் நின்றாள். தெருவே அமைதியாகிவிட்டது. மூச்சு தீரும் வரை பாடினாள்.

அவள் முடித்ததும் நான்காம் மாடியிலிருந்து உம் வலீத்தின் குரல் கேட்டது. "அபூ ரஷாத்! உன் வீடு பாழாப் போக! என் துணியெல்லாம் மெஷினுக்குள்ள!"

அதுவும் பதிவாகிவிட்டது. ஆல்பம் அதோடுதான் முடிகிறது.

அபூ ரஷாத் படியேறி வந்து கதவில் சாய்ந்தார். "அவ்வளவுதான். இனி அது கிளம்பாது."

நஜ்லா கண்ணைத் திறந்தாள். "எது?"

"ஜெனரேட்டர்தான். பாதிப் பாட்டுலயே நின்னுடுச்சே."

அவள் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என்னை.

"நின்னுடுச்சா?" என்றாள். "எனக்குக் கேட்டுக்கிட்டேதானே இருந்துச்சு."