வெறுங்கதிரைக்கு வெற்றிலை

இருபது வயது விதுர்ஷாவின் காதில் ஓர் ஆண்குரல் கேட்கத் தொடங்கி ஆறு மாதம். கிளினிக்கில் குளிசையோடு இரண்டு உளவளத்துணையாளர்களையும் கொடுத்தார்கள். அடுத்தடுத்த அறைகள், ஒருவர் முகத்தில் மற்றவர் விழிப்பதில்லை. ‘ஒருங்கிணைந்த சிகிச்சை’ என்று சுவரில் ஒட்டியதோடு ஒருங்கிணைப்பு முடிந்துவிட்டது. குரல் சொல்வதைக் கொப்பியில் எழுதி, அது நடந்ததா என்று பார்க்கச் சொன்னார் ஒருவர். மற்றவரோ, அதெல்லாம் பள்ளிக்கூட வேலை, எதிரே ஒரு கதிரையைப் போட்டு, குரல் அதில் இருப்பதாக நினைத்து நேருக்கு நேர் கதை என்றார். எதைச் செய்வது என்று தாய் புஸ்பம் கேட்டாள். தான் சொன்னதை என்றார்கள் இருவரும். படித்த படிப்புக்கு அவ்வளவுதான் பதில்.

விதுர்ஷா இரண்டையும் செய்தாள். குரல் தணிந்து வந்தது.

முற்றத்தில் அவள் கதிரையோடு கதைத்தது வேலிக்கு அப்பால் கேட்டது. சடங்கில் தெய்வம் ஏறியவரிடம் வாக்குக் கேட்டுப் பழகிய ஊர் பெரியகல்லாறு. முதலில் வந்தவர் நல்லரத்தினம். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வெற்றிலைத் தட்டத்தை வைத்து வெறுங்கதிரையைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

குரலுக்கு அது போதும். படித்த மனிதரே என்னைக் கும்பிடுகிறார், குளிசையை எறி என்றது. மறுநாள் விதுர்ஷா குளிசையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, அவர் கும்பிட்டா, அது உண்மையா இரிக்குமா?”

புஸ்பம் வாயைத் திறக்குமுன் அவரே மறுபடி வந்துவிட்டார். தேநீரை வாங்கிக்கொண்டு, மகன் ரதீஸுக்குக் கொரியாவில் வேலை கிடைக்குமா என்று கதிரையிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

விதுர்ஷா கொப்பியை விரித்தாள்.

“மாமா, ஐப்பசிக்குள்ள நீங்க செத்துப்போவீங்க எண்டு இது செல்லிச்சி. இப்ப கார்த்திகை. இரிந்து தேத்தண்ணி குடிக்கிறீங்க. எனக்கே பொய் செல்றது, உங்கட மகனுக்கு விசா எடுத்துக் குடுக்குமா?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் வெளிறிவிட்டது.

“எந்த வருசத்து ஐப்பசி எண்டு செல்லிச்சி, புள்ள?”

விதுர்ஷா அவரை மேலும் கீழும் பார்த்தாள். இந்த மனிதரின் கும்பிடுக்கா இவ்வளவு நேரம் யோசித்தோம் என்று வெட்கமாக இருந்தது. அவர் பதிலுக்குக் காத்திருக்கையிலேயே, தாயிடம் தண்ணீர் வாங்கிக் குளிசையை விழுங்கினாள்.