தாடை வரை தண்ணீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்து எடுத்ததல்ல. தைவானின் தைனான் நகரில் ஒரு மதியம் வெயிலுக்கு ஒதுங்க, செல்லப்பிராணிக் கடை ஒன்றில் நுழைந்தேன். கடைக்காரி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்: “தரை ஆமைங்க இது! கிண்ணத்துல தண்ணி அதோட தாடை வரைக்கும்தான். குளத்துல விட்டா கல்லு மாதிரி அடிக்குப் போயிடும்.”

ஆமைக்குட்டி வாங்க வந்த பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அவள் யாரென்று எனக்குத் தெரியாது. ஜியாவென் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். இனி எல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: ‘ஜியாவென் தன் மகளுக்கு ஆமைக்குட்டி வாங்கிய அன்று மழை’

வேண்டாம். என் கதைகளில் எப்போதும் மழைதான் பெய்கிறது.

ஜியாவென் குட்டிக்கு வீடாக்க, பழைய புத்தக அலமாரியை மல்லாக்கப் படுக்கவைத்து, தட்டுகளைக் கழற்றினாள். (புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் போயின. எழுதுகிறவனுக்கு வருத்தம்தான், ஆமைக்கு அதெல்லாம் கிடையாது.) கண்ணாடித் தொட்டி என்றால் குட்டி சுவர் இருப்பது புரியாமல் முட்டிக்கொண்டே இருக்குமாம். அடியில் மண்ணும் தேங்காய் நாரும் கலந்து பரப்பினாள். ஒரு மூலையில் சூட்டுக்கு விளக்கு, எதிர்மூலையில் ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த பூந்தொட்டி. தண்ணீர்க் கிண்ணத்தை வைக்கத்தான் கை வரவில்லை.

3

ஏனென்றால், எட்டு வயதில் அவளுக்கும் இதே மாதிரி ஓர் ஆமை இருந்தது. பருக்கை என்று பெயர். பச்சை மீசை முளைத்த மாதிரி அது சர்க்கரைவள்ளிக் கீரை மெல்லும் அழகைப் பார்க்கவே பள்ளியிலிருந்து ஓடி வருவாள்.

அந்த ஆண்டு காய்ச்சலில் அவள் பிழைப்பாளா என்றிருந்தபோது, அப்பா கடலம்மனிடம் வேண்டிக்கொண்டார்: குழந்தை எழுந்துவிட்டால் ஆமையைக் கோயில் குளத்தில் விட்டுவிடுகிறேன். எழுந்துவிட்டாள். அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றபடி, சட்டைக்குள் பருக்கையோடு போனாள். விட்டதும் அது நேராகக் கீழே போனது.

“அம்மனைப் பாத்துட்டு வரும் கண்ணு” என்றார் அப்பா.

புத்தாண்டுதோறும் குளக்கரைக்குக் கூட்டிப்போய், இருப்பதிலேயே பெரிய ஆமையைக் காட்டுவார். “அதோ நம்ம பருக்கை! எப்படிக் கொழுத்திருக்கா பாரு, உன்னை மாதிரியே.”

கடைக்காரியின் ஒரு வார்த்தையில் அந்த நினைவு போயிற்று என்று எழுதி, அடித்துவிட்டேன். போகவில்லை. இன்னும் இனிக்கிறது, அதுதான் சங்கடம்.

4

இன்னொரு சிக்கலை நானே வைத்தேன். அடுத்த வாரம் அப்பாவுக்கு இருதய ஆபரேஷன். அதற்கு முன் குட்டியைப் பார்க்கக் கீரைக்கட்டோடு வந்தார். மகளை ஆவென் என்றுதான் கூப்பிடுவார்.

“ஏன் ஆவென், தண்ணியவே காணோம்? வீட்டு ஓனர் தண்ணிக்குத் தனியா காசு வாங்குறானா?”

“இதுக்கு ஒரு கிண்ணம் போதும்பா” என்று கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

(ஜியாவென்னின் மகள் நிங்நிங்கை இந்த இடத்தில் பேசவிடலாமா என்று தயங்கினேன். கதைக்காகக் குழந்தையை இழுக்கிறேன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.)

“தாத்தா, உங்க ஆபரேஷன் நல்லா முடிஞ்சா என் ஆமையக் குளத்துல விடுறேன்னு அம்மன்கிட்ட வேண்டிக்கட்டுமா? பருக்கைக்கும் துணையாச்சு.”

உண்மையைச் சொன்னால் அப்பா உடைந்துபோவார், அதுவும் இந்த வாரத்தில். சொல்லாவிட்டால் குட்டி போய்விடும்.

5

முடிவு ஒன்று: குளத்தில் எதையும் விடக் கூடாதென்று பலகை வைத்துவிட்டார்கள் என்று பொய் சொல்கிறாள். தப்பித்துவிடுகிறாள். நானும்தான்.

முடிவு இரண்டு: அழுதுகொண்டே சொல்லிவிடுகிறாள். அப்பா அப்படியே நாற்காலியில்

இல்லை. அவரை அப்படி உட்காரவைக்க என்னால் முடியவில்லை.

மூன்றாவது, நான் கேட்காமலே வந்தது. அப்பா கீரையைக் கிள்ளிப் போட்டபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “வேணாம் கண்ணு. இது தரை ஆமை. முங்கிடும்.”

ஜியாவென் கையிலிருந்த கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

“அப்பா… உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

அவர் பதிலை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். அன்றே தெரியும் என்றால், மகளுக்காகத் தெரிந்தே அவள் ஆமையைக் கொடுத்தவர். பிறகுதான் தெரிந்தது என்றால், ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஏதோ ஓர் ஆமையைக் காட்டிச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தூங்காமல் கிடந்தவர். எதை எழுதினாலும் அவர் என் அப்பாவாகிவிடுகிறார். என் அப்பாவிடம் நான் எதையும் கேட்டதில்லை.

ஜியாவென் கேட்டுவிட்டாள். அப்பா தலை நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். இனி நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் வெளியே நிற்கிறேன்.