மரச்சில்லு

பிணவறைக்கு வெளியே இருந்தவர்கள்: இறந்தவனின் மனைவி, அவனுடைய அண்ணன், தொழிற்சாலைச் சூப்பர்வைசர், பக்கத்து மெஷின்காரன் நெட்டை. எதிர் அறையில் ஒரு போலீஸ்காரர் வாக்குமூலம் எழுத உட்கார்ந்திருந்தார். உள்ளே கிடந்தவனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

சூப்பர்வைசர் தாளை நீட்டியபடியே நின்றார். "கையெழுத்துப் போடும்மா. அவரோட கவனக்குறைவுன்னு ஒரே வரி. சாவுச் செலவு மொத்தமும் கம்பெனி பாத்துக்கும். வண்டிகூட ரெடி."

"போட்டுத் தொலையேன்," என்றார் அண்ணன். "கேசுன்னு இழுத்தா நம்ம காலமே முடிஞ்சிரும்."

"உங்க தம்பி காலம் முடிஞ்சிருச்சு மாமா. இனி எங்க வயிறு இருக்கு. அதுக்கு வண்டி அனுப்புவாங்களான்னு கேளுங்க."

காலையில் அவள் ஒரு வக்கீலிடம் போனில் பேசியிருந்தாள். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தால் இழப்பீட்டை மறந்துவிடலாம் என்றார் அவர். அங்கே எல்லோரும் பாதுகாப்பை மீறித்தான் வேலை செய்தார்கள், மேலே உள்ளவர்களுக்கும் அது தெரியும் என்று கூட வேலை செய்தவன் ஒருவன் சொன்னால் வழக்கு நிற்கும் என்றும் சொன்னார்.

அவள் நெட்டையைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துப் போனாள்.

"தகடு அழுத்துற அந்த மெஷின், ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால அழுத்தினாத்தான இறங்கும்? ரத்தம் போய்ச் சாகுற அளவுக்கு அவர் கை எப்படிடா உள்ள போச்சு?"

நெட்டை குழாயைத் திறந்தான். வாயைக் கொப்பளித்தான். மறுபடி கொப்பளித்தான்.

"ஒரு பட்டன்ல மரச்சில்லைச் செருகிருவோம் அண்ணி. அப்புறம் ஒரு கை போதும். இன்னொரு கையால தகடு எடுத்து வைக்கலாம். வேலை சீக்கிரம் முடியும். சூப்பர்வைசரே மரம் அறுத்துக் கொடுப்பாரு."

"சில்லு எங்க?"

"நான்தான் பிடுங்கிப் போட்டேன். அது இருந்தா அண்ணன் மேலதான் தப்புன்னு சொல்லி ஒண்ணும் தர மாட்டாங்கன்னு பயந்துட்டேன். அவரை ஆம்புலன்ஸ்ல ஏத்துறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

நல்லது செய்வதாக நினைத்து அவள் பக்கம் இருந்த ஒரே தடயத்தை அழித்திருக்கிறான். அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

"மத்த மெஷின்ல?"

"எல்லாத்துலயும் எடுத்தாச்சு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாராம்."

"நாளைக்கு?"

"திரும்பச் செருகுவாங்க. இல்லன்னா அவங்க கேக்குற கணக்கு எப்படி வரும்?"

அவள் அவனுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல்கள் எல்லாம் இருந்தன. கையை விட்டுவிட்டாள். போலீஸ்காரர் இருந்த எதிர் அறையைப் பார்த்தாள்.

"வீட்ல ரெண்டு பிள்ளைங்க அண்ணி," என்றான் நெட்டை.

"எனக்கு மட்டும் என்ன, பூனைக்குட்டியா இருக்கு?"

எதிர் அறையிலிருந்து போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "கூட வேலை செஞ்சவர் யாருப்பா? சீக்கிரம் வா, எனக்கு இது ஒண்ணுதான் வேலையா?"

சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "நானும் வரேன் சார். அவனுக்குச் சொல்லத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றான் நெட்டை.

சூப்பர்வைசர் அவனையே பார்த்தபடி செல்போனைக் காதில் வைத்தார். "நாளைக்கு நெட்டையோட ஏழாம் மெஷினுக்கும் வேற ஆள் பாருங்க," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

நெட்டை நின்றான். அவளைப் பார்க்கவில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். பின்னால் நுழையப் போன சூப்பர்வைசரைப் போலீஸ்காரர் கையால் தடுத்தார். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டார்.