நான்கு நிமிட வரிசை

அரங்கத்தின் பின்கட்டுப் பட்டறையில் பதினோரு வருஷமாகத் தச்சு வேலை பார்க்கிறார் அவர். நாடகங்களுக்கு அரண்மனை செய்திருக்கிறார், கப்பல் செய்திருக்கிறார், ஒரு தடவை எரிமலைகூடச் செய்திருக்கிறார். சிறை செய்யச் சொல்லி வேலை வந்தது அதுதான் முதல் தடவை.

வரைபடத்தை விரித்தார். பதினெட்டடி நீளம், பதினான்கடி அகலம், மூன்று பக்கமும் கம்பி. யானை ஒன்றைக் கட்டிப்போட்டாலும் அது தாராளமாகத் திரும்பிப் படுக்கும்.

நிஜச் சிறையில் அவர் இருந்த அறை எட்டடிக்கு ஆறடி. கம்பியே கிடையாது. இரும்புத் தகட்டுக் கதவு, அதில் தட்டு நுழைய ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அரசாங்கத்தைக் கண்டித்துச் சுவரொட்டி ஒட்டினதற்காக, விசாரணை என்ற பேச்சே எடுக்காமல் ஐந்து வருஷம் நாலு மாசம் அங்கே வைத்திருந்தார்கள். பட்டறையில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அனுதாபப்படுவார்கள். அடியைக்கூடத் தாங்கியவரால் அனுதாபத்தைத் தாங்க முடியாது.

நடனத்தை அமைப்பவள் வேலையைப் பார்க்க வந்தாள். எல்லாருக்கும் அவள் மேடம். எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வாள்.

"கம்பி ஒவ்வொண்ணும் வெளிச்சத்துல மின்னணும். கைதியோட வலி அந்தக் கம்பியில பாடணும்."

"கம்பி பாடாதும்மா. வேணும்னா கிரீச்சுனு சத்தம் போடும்" என்றார் தச்சர். "அப்புறம், ஒரு ஆளுக்கு இவ்வளவு பெரிய ரூமா?"

"சின்னதா இருந்தா என் டான்ஸர் எப்படிக் குதிப்பான்?"

"கைதி எதுக்கும்மா குதிக்கணும்?"

மேடம் கண்ணைத் திறந்து, முதல் தடவையாக அவரைப் பார்த்தாள். "அது விடுதலை தாகம். உங்களுக்குப் புரியாது. நீங்க ஆணியைப் பாருங்க."

அவர் ஆணியைப் பார்த்தார். வாய்க்குள்ளேயே சிரித்தும்கொண்டார்.

ஒத்திகை தொடங்கியதும் அவருக்கு நல்ல பொழுதுபோக்கு. கைதியாக ஆடியவனுக்குப் பட்டறைக்காரர்கள் வைத்த பேர் ரப்பர். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு எகிறுவான். உண்ணாவிரதக் காட்சியில் அவன் வயிற்றுத் தசை ஆறு கட்டாகத் தெரிந்தது. நிஜ உண்ணாவிரதத்தின் ஒன்பதாம் நாள் தச்சரின் வயிற்றைப் பார்த்திருந்தால் முதுகெலும்பு தெரிந்திருக்கும். காவலர் வேஷத்தில் நாலு பேர் தாளம் பிசகாமல் உதைத்தார்கள். அவரை உதைத்தவர்களுக்குத் தாள ஞானம் சுத்தமாகக் கிடையாது. அடுத்த உதை எப்போது விழும் என்று தெரியாததுதானே அங்கே பாதி வேதனை? அதை யார் போய் மேடத்துக்குச் சொல்வது?

வீட்டுக்கு வந்து, ரப்பரைப் போலவே கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றி மனைவிக்கு ஆடிக் காட்டுவார். சலவைக் கடையில் நாள் முழுக்கத் துணி இஸ்திரி போட்டுவிட்டு வந்திருக்கும் அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருப்பாள். சிரிக்க மாட்டாள்.

ஒருநாள் மத்தியானம் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவள் அரங்கத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்க, மேடையில் அப்போது மூட்டுவலிக்காரி மட்டும் ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழுவிலேயே வயது கூடின பெண். குதிக்க முடியாதென்று அவளுக்குக் கைதியின் மனைவி வேஷத்தைத் தள்ளிவிட்டிருந்தார்கள். சிறை வாசலில் பையோடு வரிசையில் நிற்க வேண்டும். நாலே நிமிடம்.

"பையை அப்படி மார்போட அணைச்சுக்கக் கூடாது" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

தச்சருக்குக் காது மடல் வரை சூடேறியது. அது அவர் மனைவியின் குரல்.

"உடம்போட ஒட்டிப் பிடிச்சா எதையோ மறைக்கிறேன்னு அர்த்தம். வரிசையை விட்டுத் தள்ளிருவாங்க. கையை நீட்டித்தான் பிடிக்கணும். கை மரத்துப் போனாலும் இறக்கக் கூடாது."

மூட்டுவலிக்காரி மேடையை விட்டு இறங்கி வந்தாள். "அக்கா, நீங்க நின்னிருக்கீங்களா?"

"ஒரு ஞாயித்துக்கிழமைகூட விட்டதில்லை. அதை வெளியில யார்கிட்டயும் சொல்லாதே. நில்லு, காட்டுறேன்."

அதன் பிறகு வேலை முடிந்து மூன்று சாயங்காலம் அவள் அரங்கத்துக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் என்ன செய்தார்களோ, அவருக்குத் தெரியாது.

"நிக்கிறதுக்குக்கூடவா டியூஷன்?" என்று கேலியாகக் கேட்டார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அரங்கேற்றத்தன்று கூட்டம் நிரம்பி வழிந்தது. கம்பிகள் மின்னின. ரப்பர் எகிறினான். முன்வரிசைப் பெரிய மனிதர் ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஆட்களைப் பிடித்து அடைப்பவர்களோடு நேற்றுவரை விருந்து சாப்பிட்டவர் அவர் என்பது ஊருக்கே தெரியும். தச்சர் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்று கொட்டாவி விட்டார்.

பிறகு இசை நின்றது. மூட்டுவலிக்காரி வந்தாள்.

நின்றாள். நீட்டிய கையில் பை. ஒரு அடி நகர்ந்தாள், நின்றாள். கை நடுங்க ஆரம்பித்தது. யாரோ பையைப் பிடுங்கிக் கொட்டியதுபோல் தலை ஒரு பக்கம் திரும்பியது, குனிந்து பொறுக்கினாள். கூட்டத்தில் இருமல் கேட்டது. இரண்டு மூன்று செல்போன் திரைகள் ஒளிர்ந்தன. அவள் இன்னொரு அடி நகர்ந்தாள். முதுகு வளைந்து, முகம் காய்ந்த கிழங்கு போலச் சுருங்கிவிட்டது. கைதியைப் பார்க்கும் ஜன்னலுக்கு ஒரு அடி இருக்கும்போது பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் கன்னத்தை மேலே தூக்கிவிட்டாள். முடியைச் சரிசெய்தாள். சிரிப்பு ஒன்றை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

தச்சருக்குக் கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது.

ஐந்து வருஷமும் அவர் மனைவி சிரித்துக்கொண்டேதான் அவரைப் பார்க்க வந்தாள். 'வீட்ல எல்லாம் நல்லா இருக்கு' என்பாள். அந்தச் சிரிப்பு அவருக்கு எரிச்சலாக இருந்தது. நாம் இங்கே சாகிறோம், இவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்தார். நினைத்ததோடு விட்டாரா? 'உனக்கென்ன, வெளியில காத்தாட நிக்கிறே' என்று ஒரு தடவை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். அப்போதும் அவள் சிரித்தாள்.

மேடையில் அந்தப் பெண் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். இரண்டு அடி நடந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கு அணைந்தது. கைதட்டல் பேருக்குத்தான் வந்தது.

நாடகம் பார்க்க வந்திருந்த மனைவியோடு வீட்டுக்கு நடந்து போகும்போது கேட்டார்: "எத்தனை மணி நேரம் நின்னே?"

"அவ கேட்டா, சொன்னேன். நீங்க கேட்டீங்களா?"

"இப்பக் கேக்குறேன்ல."

"மேடையில போட்டுக் காட்டின பிறகு கேக்குறீங்க. வெளியில வந்து எத்தனை வருஷமாச்சு? உங்க ரூமு எட்டடிக்கு ஆறடின்னு எனக்குத் தெரியும். உங்களைத் தவிர வேற எவனும் ஜெயிலுக்கே போகாத மாதிரி அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கீங்க."

ரப்பரையும் மேடத்தையும் எப்படிப் பார்த்தாரோ, அதே இளக்காரத்தோடு அவள் அவரைப் பார்த்தாள். அது நியாயமாகவும் இருந்தது.

மறுநாள் பத்திரிகையில், 'வரிசைக் காட்சி தொய்வு' என்று எழுதியிருந்தார்கள். மேடம் அதை வெட்டிவிடச் சொன்னாள். மூட்டுவலிக்காரி வாசலில் நின்று அழுதாள். தச்சர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மேடத்தின் அறைக்குப் போனார்.

"அதை எடுக்காதீங்கம்மா. அது நிஜம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் உள்ள இருந்தவன். அஞ்சு வருஷம் நாலு மாசம்."

மேடத்தின் முகம் விளக்குப் போட்டதுபோல் பிரகாசித்தது. "ஐயோ! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? உங்க போட்டோவோட ஒரு பேட்டி போட்டா எப்படி இருக்கும்!"

இதற்குப் பயந்துதான் பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார். "போட்டுக்குங்க. வரிசை இருக்கணும், நாலு நிமிஷமும்."

போட்டோக்காரர் அவரை அவர் செய்த கம்பிக்குப் பின்னால் நிறுத்தினார். "ரெண்டு கையாலயும் பிடிங்க சார். இன்னும் கொஞ்சம் சோகமா." அவர் சோகமாக நின்றார். பிறந்ததிலிருந்து அவ்வளவு கேவலமாக எங்கேயும் நின்றதில்லை. உள்ளே இருந்தபோதுகூட.

படம் வந்த பத்திரிகையை மனைவி வெகுநேரம் பார்த்தாள்.

"எதுக்கு இந்தக் கூத்து?"

"உன் வரிசையை எடுக்கப் பார்த்தாங்க."

அவள் பத்திரிகையை மடித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"முதல் நாள் நான் தப்பான வாசல்ல நின்னுட்டேன். பிணத்தை வாங்குறவங்க நிக்கிற வாசல். அது தெரியாம மூணு மணி நேரம் நின்னேன். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றார் அவர்.

அவள் மேலே சொல்ல ஆரம்பித்தாள்.